என் இடது கையை நம்பாதீர்கள்

என் இடது கை பொய் சொல்லும். ஐஸ் தண்ணீரில் விட்டால் கொதிக்கிறது என்று அலறும். கொதிக்கிற கோப்பியைத் தொட்டால் ஆஹா, ஜில்லென்று இருக்கிறதே என்று சொக்கிப் போகும். வலது கை அப்படியில்லை, சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்கிற கை. ஒரே உடம்பில்தான் இரண்டும் வளர்ந்தன, ஒரே சோறுதான் இரண்டுக்கும் போட்டேன். இது மட்டும் ஏன் இப்படிப் போனது என்று நினைத்தால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று நோய்க்குப் பெயர். முதலில் பெயரைச் சொல்லவே எனக்கு நாக்கு சுளுக்கியது. சிரம்பான் பெரியாஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். நரம்பு என்பது ஒயர் மாதிரியாம். ஒயருக்கு மேலே ரப்பர் சுற்றியிருக்குமே, அந்த ரப்பரை என் உடம்பே அரித்துத் தின்றுவிட்டதாம். அதனால் கை ஒன்று சொல்ல மூளைக்கு வேறொன்று போய்ச் சேருகிறதாம். "டாக்டர், நான் ரப்பர் தோட்டத்துல பொறந்து வளந்தவ. எனக்கே ரப்பர் பத்தலையா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. மருந்து எழுதித் தந்தார்.

என் வீட்டுக்காரர் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி ஓட்டுகிறார். வியாதியின் பெயரை அவர் ஒரு நாளும் சரியாகச் சொன்னதில்லை. யார் கேட்டாலும், "ஒயரிங் கோளாறு லா" என்று முடித்துவிடுவார். அதைக் கேட்டவர்கள் என்னை ஏதோ பழைய வீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போவார்கள்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், ரெம்பாவ் டவுனிலிருந்து உள்ளே போகிற ஒரு தோட்டத்தில். ரப்பர் மரமெல்லாம் போய் செம்பனை வந்துவிட்டது. தமிழ்க் குடும்பங்கள் பாதிக்கு மேல் டவுன் பக்கத்துக் குடியிருப்பான தாமானுக்குக் குடிபோய்விட்டன, மீதி நாங்கள் கொஞ்சம் பேர். நான் வீட்டிலேயே தோசையும், நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறும் செய்து காலையில் விற்கிறேன். இப்படி ஒரு கையை வைத்துக்கொண்டு அடுப்படி வேலை செய்வது எப்படி என்று கேட்பீர்கள். அதற்கு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எதைத் தொடுவதானாலும் வலது கைதான் முதலில். நான் அடுப்படிக்குள் நுழைந்தாலே கூடத்திலிருந்து வீட்டுக்காரர், "வலது!" என்று சத்தம் போடுவார். ராணுவத்தில் கூட இப்படிக் கத்த மாட்டார்கள். "தெரியும், வாய மூடுங்க" என்று நானும் கத்துவேன். அப்படியும் மறந்துபோய், தோசைக்கல்லை இடது கையால் நகர்த்தி விரல் வெந்துபோன பிறகுதான் தெரிந்த நாளும் உண்டு.

இன்னொரு கூத்து, சூடு அதிகமானால் எனக்குக் கால் விட்டுப்போகும், கண் மங்கும். அதற்குக் கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொள்ள வேண்டும். அந்தத் துண்டு இடது தோள் பக்கம் சரிந்தால் நெருப்பை அள்ளிக் கொட்டியதுபோல் எரியும். ஆகவே குளிர்ச்சிக்காகப் போட்ட துண்டை எரிச்சலுக்காக எடுத்து, கால் தள்ளாடுகிறது என்று மறுபடி போட்டு, நாள் முழுக்க இதே வேலை. ஒரு முறை ரெம்பாவ் கடையில் ஐஸ்பெட்டியிலிருந்து மீன் பொட்டலத்தை இடது கையால் எடுத்துவிட்டு, "ஐயையோ சுடுது!" என்று தூக்கி எறிந்தேன். அது ஒரு சீனக் கிழவரின் தள்ளுவண்டியில் போய் விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், அதைத் தொட்டுப் பார்த்தார், அதைத் திரும்ப ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டார்.

இதெல்லாம் என்னோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றினார்கள் பாருங்கள், அன்றைக்குத்தான் வந்தது வினை.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் தாமானுக்குப் போனவர்கள் எல்லாரும் அன்றைக்கு வந்துவிடுவார்கள். விறகடுப்பில் பெரிய அண்டா. நெருப்புப் பக்கம் போகாதே என்று வீட்டுக்காரர் சொல்லித்தான் அனுப்பினார். நானும் தூரத்தில்தான் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். ஆனால் கிண்டுகிறவர்கள் ஒழுங்காகக் கிண்டினால்தானே! பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அடிப்பிடிக்கிற வாசம் எனக்கு வருகிறது. பொறுக்க முடியவில்லை. எழுந்து போய், மேலே மூடியிருந்த இரும்பு மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கூழ் காய்ச்சுறீங்களா, தார் காய்ச்சுறீங்களா? உப்பு போட்டாச்சா இல்லையா?" என்று திட்ட ஆரம்பித்தேன்.

எல்லாரும் என் கையையே பார்க்கிறார்கள். உறுமி அடித்துக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார். அந்த மூடியைத் துணி வைத்துத்தான் எடுப்பார்கள். நான் வெறும் இடது கையில், ஏதோ முறத்தைப் பிடித்ததுபோல் பிடித்து ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கிறேன். எனக்கோ நல்ல குளுகுளு என்று இருக்கிறது.

"தாயே!" என்று ஒருத்தி கத்தினாள். உறுமி மறுபடி பிடித்துக்கொண்டது, இந்த முறை வேகமாக. நான் மூடியைக் கீழே போட்டேன். அதற்குள் அடுப்புச் சூட்டில் எனக்குக் கால் விட்டுப்போய் உடம்பு ஆட ஆரம்பித்தது. யாரோ ஒரு புண்ணியவதி குடம் மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து என் இடது பக்கமாகப் பார்த்து ஊற்றினாள். அவ்வளவுதான். கொதிக்கிற எண்ணெயில் விழுந்த மாதிரி நான் துள்ளிக் குதித்தேன். பெண்கள் குலவை போட்டார்கள்.

கோயில் தலைவர் முன்னே வந்தார். முன்பு தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற தண்டலாக இருந்தவர், இப்போதும் வேலைக்கு ஆள் பிரிக்கிற குரல்தான். சாமி வந்தவர்களைக் கேட்கிற மாதிரி, "வந்திருக்கிறது யாரு? சொல்லு!" என்றார்.

"நான்தான்யா! எரியுது! தண்ணி ஊத்தாதீங்க!" என்று கத்தினேன்.

தலைவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "ஆத்தாவுக்குத் தண்ணி வேணாமாம். பாலு கொண்டாங்க."

பாலை ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் என் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். வீட்டுக்காரர் மருந்து தடவிக்கொண்டே, "வலதுன்னு எத்தன வாட்டி சொன்னேன்" என்று முணுமுணுத்தார். பார்க்க வந்த பெண்களோ கொப்புளத்தைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆத்தா முத்துப் போட்டிருக்கிறாளாம். வேப்பிலைக் கொத்து ஒன்றை என் வீட்டு வாசலில் கட்டிவிட்டுப் போனார்கள். நான் என் ஒயர் கதை, ரப்பர் கதை எல்லாம் விலாவாரியாகச் சொன்னேன். "ஆமாக்கா, ஆமாக்கா" என்று கேட்டுக்கொண்டார்கள். வெளியே போனதும் ஒருத்தி இன்னொருத்தியிடம், "ஆத்தா வந்த ஒடம்பு, அவங்களுக்கே தெரியாது லா" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு காய்ச்சல் கண்ட பிள்ளைகளை என்னிடம் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். கேளுங்கள் இந்த அநியாயத்தை! எங்கள் நெகிரி செம்பிலான் மாநிலம் முழுக்கத் தேடினாலும் காய்ச்சல் பார்க்க இதைவிட மோசமான கை கிடைக்காது. அந்தக் கையைத்தான் தேடிப் பிடித்து வருகிறார்கள். நான் வலது கையை நீட்டினால் வேண்டாம் என்பார்கள். முத்துப் போட்ட கைதான் வேண்டுமாம். இடது கையை அவர்களே இழுத்துப் பிள்ளையின் நெற்றியில் வைத்து, "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்பார்கள்.

"ஜில்லுனுதான் இருக்கு. ஆனா இந்தக் கை பொய் சொல்லும். நீ மொதல்ல கிளினிக்குக்குப் போ."

இதில் "ஜில்லுனு" என்பது மட்டும்தான் அவர்கள் காதில் ஏறும். முகமெல்லாம் மலர்ந்து, வாழைப்பழச் சீப்பை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பாதிப் பேர் வீட்டில் மருந்தும் கொடுப்பார்கள், பிள்ளைக்கும் சளிக் காய்ச்சல்தான், தானாக இறங்கிவிடும். பேர் என் கைக்கு. எங்கள் வீட்டில் வாழைப்பழம் குவிந்தது. வீட்டுக்காரர் ஒன்றை உரித்துக்கொண்டே, "ஒயரிங் கோளாறுல நல்ல பழம் வருது" என்றார். சீப்போடு அவர் தலையில் போடலாமா என்று இருந்தது எனக்கு.

பக்கத்து வீட்டில் ஒரு சின்னப் பெண் குடியிருக்கிறாள். தோட்ட ஆபீசில் துப்புரவு வேலை. புருஷன் சிங்கப்பூரில், மாதம் ஒரு முறை வருவான். மாமியார் கோலா கிளாவாங்கில் இருந்துகொண்டு போனிலேயே குடும்பம் நடத்துகிறவர். குழம்புக்குப் புளி எவ்வளவு என்பதுகூட அங்கிருந்துதான் வர வேண்டும். அவளுக்கு ஒரே பெண் குழந்தை, இன்னும் பள்ளிக்கூடம் போகாத வயது. அது என்னைத் "தோசம்மா" என்று கூப்பிடும். காலையில் நான் கடை விரித்ததும் முதல் தோசை அதற்குத்தான், ஓரமெல்லாம் பிய்த்துத் தின்றுவிட்டு நடுவை என் வாயில் திணிக்கும். எனக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குழந்தையின் மேல் எனக்கு உயிர், அதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

மழைக்காலத்தில் அதற்குக் காய்ச்சல் வந்தது. காலையில் நான் மாவு கரைத்துக்கொண்டிருக்கும்போது அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். நான் நிமிர்வதற்குள் என் இடது கையைப் பிடித்து அதன் நெற்றியில் வைத்துவிட்டாள். ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. "ஜில்லுனு..." என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. வலது கையெல்லாம் மாவு. "இரு, கையக் கழுவிட்டு வரேன்" என்று குழாய்ப் பக்கம் போய்த் திரும்பினால் தாயையும் பிள்ளையையும் காணோம். வேலைக்கு நேரமாகிவிட்டதாம். வாசலில் தோசைக்கு ஆட்கள் நிற்கிறார்கள். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

அன்று மதியம், அவள் பிள்ளையோடு வேலையிலிருந்து திரும்பிய பிறகும் குழந்தையின் சத்தமே கேட்கவில்லையே என்று அங்கே போனேன். கூடத்தில் பாயில் கிடந்தது. "தோசம்மா" என்று கூப்பிடவில்லை, கண்ணைக்கூட முழுசாகத் திறக்கவில்லை. வலது கையை வைத்துப் பார்த்தேன். அடுப்பு மாதிரி கொதிக்கிறது. கையிலும் காலிலும் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளி. உதடு காய்ந்து வெடித்திருந்தது. தலைமாட்டில் வேப்பிலை.

"எத்தன நாளாடி காய்ச்சல்?"

"முந்தா நாளுக்கு முன்னாடியிலேர்ந்து இருக்குக்கா. காலையில நீங்க ஜில்லுனு சொன்னீங்கல்ல. இப்ப முத்துப் போட்டுட்டா. ஆத்தா வந்துட்டா, எறங்கிடுவா."

"முத்தும் இல்ல, மண்ணும் இல்ல! இது டெங்கி மாதிரி இருக்குடி. தூக்கு, கிளினிக்குக்குப் போவோம்."

"ஆத்தா வந்த வீட்டுல ஆஸ்பத்திரி போகக் கூடாதுன்னு மாமியார் சொன்னாங்க."

"ஒன் மாமியார் எங்கேர்ந்துடி பாத்தாங்க?"

"போன்ல."

நான் கெஞ்சினேன். திட்டினேன். என் கை பொய் சொல்லும் கை என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். அவள் அழுதாள், ஆனால் அசையவில்லை. "காலையில சொன்னது ஆத்தாக்கா. இப்ப சொல்றது நீங்க. நான் யாரு பேச்சக் கேக்குறது?" என்றாள். இந்தப் பாழாய்ப்போன கை சொன்ன ஒரு வார்த்தைக்கு இருக்கிற மதிப்பு நான் தொண்டை கிழியக் கத்துவதற்கு இல்லை. குழந்தை முனகியது. இது செத்துப்போனால் என் கையால் செத்ததாகத்தான் அர்த்தம்.

கொண்டையை அவிழ்த்துவிட்டேன்.

எனக்குச் சாமி ஆடத் தெரியாது. பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். தலையைச் சுற்றினேன், உடனே கிறுகிறுவென்று வந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டேன். தலைமாட்டில் இருந்த வேப்பிலையை எடுத்து வாயில் கடித்தேன், கசப்பில் குமட்டியது. "ஏய்!" என்று ஒரு சத்தம் போட்டேன். என் குரலே எனக்குப் பயமாக இருந்தது.

அவள் கைகூப்பிவிட்டாள். "ஆத்தா!"

"புள்ளையத் தூக்கு! கிளினிக்குக்குப் போ! பிளட் டெஸ்ட் எடு!"

"முத்துப் போட்டிருக்கே ஆத்தா, நீ வந்திருக்கறப்ப ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?"

"வந்தவளே நான்தான்! நான்தான்டி சொல்றேன், போ!"

"எந்த கிளினிக் ஆத்தா?"

"ரெம்பாவ்! கவர்மெண்ட்! ஐசி கார்டு எடுத்துக்கோ!"

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரரின் லாரி வந்து நின்றது. மதியச் சாப்பாட்டுக்கு வந்த மனுஷன், சத்தம் கேட்டு இங்கே எட்டிப் பார்த்தார். வாயில் வேப்பிலையும் விரித்த தலையுமாக நான் நிற்பதைக் கண்டதும் வாசற்படியைப் பிடித்துக்கொண்டார்.

"டேய்! வண்டிய எடு!" என்றேன்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனிதரை நான் டேய் என்று சொன்னதில்லை. அவர் கையைக் கட்டிக்கொண்டு, "சரிங்க ஆத்தா" என்றார். சாப்பிடக்கூட இல்லை, ஓடினார்.

லாரியில் முன்னால் மூன்று பேர், மடியில் குழந்தை. ஏறுவதற்குப் படி உயரம். என் கால் ஏற்கெனவே சொன்னதைக் கேட்காத நிலையில் இருந்தது. ஏறி உட்கார்ந்த பிறகு ஆத்தா இறங்கிவிட்டாள் என்று தெரிந்தால் இவள் பாதி வழியில் திரும்பிவிடுவாளோ என்று பயம். ஆகவே வழி முழுக்க உறுமிக்கொண்டே போனேன். செம்பனைக் காட்டு மண் சாலையில் லாரி குலுங்கக் குலுங்க உறுமுவது லேசில்லை. தார்ச் சாலையில் திரும்பியதும் வீட்டுக்காரர் பயபக்தியோடு என் பக்கம் குனிந்து, "ஆத்தா, சீட் பெல்ட்" என்றார்.

கிளினிக்கில் மலாய்க்கார நர்ஸ், எங்கள் பேச்சில் மிஸ்ஸி, ஒருவர் இருந்தார். உள்ளே நுழைந்த எங்களைப் பார்த்தார். விரித்த தலை, வாயோரம் இலை, தள்ளாடுகிற கால். நேராக என்னிடம் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் குழந்தையைக் காட்டி, இதுக்குத்தான் உடம்பு சரியில்லை என்று மலாயில், "டியா! டியா சாக்கிட்!" என்று கத்தினேன். அப்புறம்தான் அவர் குழந்தையைத் தொட்டுப் பார்த்தார். அதன் பிறகு யாரும் மெதுவாக நடக்கவில்லை. டெங்கிதான் என்றார்கள். ஆம்புலன்சில் ஏற்றிச் சிரம்பான் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், தாயும் கூடவே போனாள். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னதை மிஸ்ஸி எனக்குச் சொன்னார். நான் அந்தச் சக்கர நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று என் தலைமுடியைச் சுற்றிக் கொண்டை போட்டுவிடப் பார்த்தார். வரவில்லை. "போயிட்டாங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

"யாரு?"

"ஆத்தா."

"வந்திருந்தாத்தானே போறதுக்கு. போய்த் தண்ணி வாங்கிட்டு வாங்க."

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "டேய்னு கூப்பிட்டியே" என்றார் தண்ணீர் போத்தலை நீட்டிக்கொண்டே. அதை இன்றுவரை மறக்கவில்லை.

குழந்தை வீடு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் முதல் தோசையை ஊற்றிவிட்டு யாருக்கும் கொடுக்காமல் தட்டில் போட்டு வைப்பேன், அது காய்ந்து போகும். காய்ச்சல் பிள்ளையோடு வந்தவர்களையெல்லாம் வாசலிலேயே நிறுத்தி, "ஆத்தா இனிமே கிளினிக்லதான் இருக்கா, அங்க போங்க" என்று விரட்டினேன். அதை மட்டும் நம்பினார்கள். ஒரு வாக்குவாதம் கிடையாது, அப்படியே மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ரெம்பாவுக்குப் போனார்கள்.

ஒரு சாயங்காலம் அவள் தட்டில் தேங்காய் பழத்தோடு வந்தாள். கூடவே குழந்தை, மெலிந்துபோய், கையில் ஐஸ் குச்சியோடு. அவள் தட்டை என் காலடியில் வைக்கப் போனாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"இந்தா பாரு, மொதல்ல இதக் கேளு. அன்னிக்கு வந்தது ஆத்தா இல்ல. நான் நடிச்சேன்."

அவள் சிரித்துவிட்டாள். "தெரியும்க்கா."

"எப்படி?"

"லாரியில ஏறறப்ப, 'ஏங்க, கையப் புடிங்க, கால் வரல'ன்னு மாமாவக் கூப்பிட்டீங்க. ஆத்தா அப்படிக் கூப்பிடுவாளா?"

"அடிப்பாவி! தெரிஞ்சுமா வந்த? வழியெல்லாம் உறுமி எனக்குத் தொண்ட கட்டிப்போச்சுடி!"

அவள் தட்டை மேசைமேல் வைத்தாள். பிறகு, "எனக்கும் அன்னிக்குப் பயம்தான்க்கா. தூக்கிட்டு ஓடணும்னுதான் இருந்துச்சு. நீங்க சொன்னீங்கன்னு போனா மாமியார் ஏசுவாங்க. அவரும் ஏசுவாரு. ஆத்தா சொன்னான்னா யாரு என்னா சொல்ல முடியும்?" என்றாள். கண்ணீர் கன்னத்தில் ஓடியது. நான் அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

குழந்தையின் நெற்றியில் வலது கையை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. அப்படியும் சந்தேகப்பட்டுக் கழுத்திலும் வைத்துப் பார்த்தேன்.

"தோசம்மா, எனக்குத் தோச?" என்று கேட்டு, ஐஸ் ஒழுகுகிற ஈரக் கையால் அது என் இடது கையைப் பிடித்துக்கொண்டது. நெருப்பைப் பிடித்ததுபோல் முழங்கை வரைக்கும் எரிந்தது. கூடத்திலிருந்து வீட்டுக்காரர், "வலது!" என்று கத்தினார்.

"நீங்க வாய மூடுங்க" என்று சொல்லிவிட்டு, கையை எடுக்காமல் குழந்தையை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.